துருத்தி பூட்டிய கார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவர் நின்றிருந்தார். கணவரை இழந்தவர். அவருடைய மகனும் மகளும் என்னிடம் படித்தவர்கள்.

"வாத்தியாரையா, ஒரு வார்த்தை கேக்கணும். தம்பி காடிக்கு என்னமோ சூப்பர்சார்ஜராம், அதைப் போடணுமாம். எட்டாயிரம் வெள்ளியாம். இந்த மாசம் எனக்குக் கூட்டு விழுந்திருக்கு. அதைக் கொடுன்னு கேக்குது. தங்கச்சி தாதிப் படிப்புக்குப் போகணும்னு வச்சிருந்த காசுங்க அது. கொடுக்கலாமா, வேணாமா? நீங்க படிச்சவுங்க, சொல்லுங்க."

அன்பர்களே, நான் படித்தது ஆசிரியர் பயிற்சி. காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எண்ணெய் ஊற்றவும் பள்ளிக்கு ஓட்டிப் போகவும்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் ஓர் ஆசிரியனுக்கு ஆகாது. "ஒரு மாதம் பொறுங்கள் அம்மா, விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன்.

அந்த ஒரு மாதத்தில் புத்தகங்களைப் புரட்டினேன். பட்டறைக்காரர்கள் சிலரிடம் பேசினேன். ஒரு சனிக்கிழமை அந்தத் தம்பியுடனேயே சிப்பாங் ஓட்டத் திடலுக்கும் போய் வந்தேன். அங்கே கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். காரின் மேல் உயிரை வைத்திருக்கும் ஒரு பிள்ளை இன்று ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறான். அவன் பேசுவது பெற்றோருக்குப் புரிவதில்லை. புரியாததால் ஒன்று முழுதாக மறுக்கிறோம். அல்லது கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பின்னால் கண்ணீர் விடுகிறோம்.

அடுப்பும் ஊதுகுழலும்

விறகடுப்பில் சமைத்த வீடுகளில் ஊதுகுழல் இருந்திருக்கும். கங்கு மங்கினால் அம்மா குழலை எடுத்து ஊதுவார். தீ குப்பென்று எழும். கொல்லன் பட்டறையில் இதே வேலையைத் துருத்தி செய்கிறது. சூப்பர்சார்ஜர் என்பது காரின் எஞ்சினுக்குப் பூட்டும் துருத்தி.

எஞ்சினும் ஓர் அடுப்புதான். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே எரிகின்றன. அந்த எரிப்பு பிஸ்டனைத் தள்ளுகிறது. தம்பியின் கார் 1.6 லிட்டர் எஞ்சின் கொண்டது. அது நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது ஏறத்தாழ 4,800 லிட்டர் காற்றை இழுக்கிறது. 200 லிட்டர் பீப்பாயில் அளந்தால் இருபத்து நான்கு பீப்பாய். ஒரே நிமிடத்தில் இவ்வளவு!

சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து ஒரு பெல்ட்டைப் போட்டு ஊதியைச் சுற்றவிட்டால், அது காற்றை நெருக்கி உள்ளே தள்ளும். 7 பவுண்டு அழுத்தம் கூட்டினால், கணக்குப்படி பாதியளவு காற்று கூடுதலாகப் போக வேண்டும். அதற்கேற்ற பெட்ரோலும் சேர்ந்தால் விசை கூடும். ஆனால் பலன் முழுதாகக் கைக்கு வராது. நெருக்கப்படும் காற்று சூடாகி விரிகிறது. ஊதியைச் சுற்றவும் எஞ்சினே விசை கொடுக்க வேண்டியிருக்கிறது. டர்போ என்பதும் இந்த இனந்தான். ஆனால் அதைச் சுற்றுவது வெளியேறும் புகை.

பழைய பொறி, புதிய ஆசை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். இரண்டு உருளைகள் ஒன்றோடொன்று உரசாமல் சுழன்று காற்றைத் தள்ளும் பொறிக்கு அவர்கள் 1860-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்கள். இரும்பு உருக்கும் உலைக்கும் சுரங்கத்துக்குக் காற்று அனுப்புவதற்கும் அது பயன்பட்டது. அந்த வகை ஊதிக்கு இன்றும் 'ரூட்ஸ்' என்றே பெயர். ஆக, இது உண்மையிலேயே துருத்தியின் வாரிசு.

பந்தயக் கார்களுக்கு இது வந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. 1923-ஆம் ஆண்டு இத்தாலியின் மோன்சா திடலில், ஊதி பூட்டிய ஃபியட் கார் முதன்முதலாக ஒரு கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றது. அதன் பிறகு எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது.

அந்த ஆசையின் கதைகளில் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இங்கிலாந்தில் பெண்ட்லி என்னும் கார் நிறுவனம். அதன் நாலரை லிட்டர் கார் 110 குதிரைசக்தி கொண்டது. நிறுவனத்தின் பந்தய ஓட்டிகளில் ஒருவரான டிம் பர்க்கின் அதற்கு ஊதி பூட்ட விரும்பினார். காரைப் படைத்த டபிள்யூ.ஓ. பெண்ட்லிக்கு அதில் விருப்பமே இல்லை. கூடுதல் விசை வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பர்க்கின் விடவில்லை. செல்வச் சீமாட்டி டோரத்தி பேஜட் பணம் கொடுத்தார். ரேடியேட்டருக்கு முன்னால் ஊதியைப் பூட்டினார்கள். பந்தயக் கார் 240 குதிரைசக்தி வரை போனது. இரண்டு மடங்குக்கும் மேல்!

1930-ஆம் ஆண்டு, பிரான்சில் 24 மணி நேர லெமான் பந்தயம். பர்க்கின் தம் ஊதிக் காரில், ஜெர்மனியின் பெரிய மெர்சிடிஸ் காரைத் துரத்திக்கொண்டு போனார். டயரின் மேல்பட்டை பிய்ந்து பறக்கப் பறக்க முந்தினார். பார்த்தவர்கள் காலமெல்லாம் பேசினார்கள். ஆனால் முடிவு என்ன? அந்தப் பந்தயத்தில் ஓடிய ஊதிப் பெண்ட்லிகள் இரண்டும் எஞ்சின் கெட்டு நின்றுவிட்டன. மெர்சிடிஸும் முடிக்கவில்லை. வென்றது ஊதி இல்லாத ஆறரை லிட்டர் பெண்ட்லி. இரண்டாவதாக வந்ததும் அதே வகைதான். ஊதிப் பெண்ட்லி லெமானில் ஒருபோதும் வென்றதில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டில் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பர்க்கின் அதே வகைக் காரில் இரண்டாம் இடம் பெற்றார். ஊதி பயனற்றது என்று யாரும் சொல்ல முடியாது. விசையைக் கூட்டுவது ஒரு வேலை. கூடிய விசையைத் தாங்க வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை எப்போதும் பெரிது.

மருந்து வைத்த மரம்

பால் வெட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தின் பட்டையில் மருந்து வைத்தால் பால் நெடுநேரம் வடியும், வாளி நிறையும். அளவறிந்து, மரத்துக்கு ஓய்வு கொடுத்து, வெட்டும் நாளைக் குறைத்துச் செய்தால் நன்மைதான். பால் கூடுகிறதே என்று மருந்தையும் வைத்து வெட்டையும் கூட்டினால் என்ன ஆகும்? பட்டை வறண்டு பால் நின்றுபோகும். கொடுத்த மரமே கெட்டுவிடும். ஊதி வைத்த எஞ்சினும் அப்படித்தான்.

கெடுப்பது எது? சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நம் ஊர் நண்பகல் காற்றை 7 பவுண்டுக்கு நெருக்கினால், ரூட்ஸ் வகை ஊதியில் அது நூறு டிகிரி அளவுக்குச் சூடாகிவிடக்கூடும். கொதிக்கும் தண்ணீரின் சூடு! இவ்வளவு சூடான காற்றோடு கலந்த பெட்ரோல், தீ சீராகப் பரவி முடியும் முன்பே ஒரு மூலையில் தானாக வெடித்துவிடும். பட்டறையில் இதை 'நாக்கிங்' என்பார்கள். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வரும். ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போன்றது. பிஸ்டன் உடையும், சில வேளை ஓட்டையே விழும்.

இதைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, நெருக்கிய காற்றை உள்ளே விடுமுன் குளிர வைப்பது. இதற்கு இண்டர்கூலர் வேண்டும். இரண்டாவது, போதுமான பெட்ரோல் கொடுப்பது. சாதாரணமாக ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. ஊதி முழு வேகத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 12 கிலோ காற்றுக்கே ஒரு கிலோ பெட்ரோல் கொடுப்பார்கள்; கூடுதல் பெட்ரோல் உள்ளே குளிர்ச்சி தரும். அதற்குப் பெரிய பம்பும், பெரிய இன்ஜெக்டரும், அவற்றை ஆளும் கணினியைச் சரிசெய்யத் தெரிந்த கையும் வேண்டும். மூன்றாவது, எஞ்சினையே இதற்கென்று கட்டுவது. தோயோத்தா நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் ஒரு 1.6 லிட்டர் எஞ்சினுக்கு ஊதி வைத்து விற்றது. சும்மா வைத்துவிடவில்லை. பிஸ்டனின் அழுத்த விகிதத்தை 9.4-இலிருந்து 8-க்குக் குறைத்தது. வலுவான பிஸ்டன்களைப் போட்டது. தொழிற்சாலைக்காரனே இவ்வளவு பார்த்தான் என்றால், நாம் எவ்வளவு பார்க்க வேண்டும்?

திடலில் கண்டது

நம் நாட்டில் திடலில் கார் ஓட்டுவது புதிய பழக்கமல்ல. ஷா ஆலம் பத்து தீகா திடல் 1968-இலேயே திறக்கப்பட்டது. இன்று அது இல்லை. செம்பனைக் காடுகள் சூழ்ந்த சிப்பாங் திடல் 1999-இல் வந்தது. 2017 வரை அங்கே ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், பதினைந்து வளைவுகள், இரண்டு நீண்ட நேர்பாதைகள். பந்தயம் இல்லாத சில நாள்களில் கட்டணம் செலுத்திச் சாதாரணக் காரையும் ஓட்டலாம். தெருவில் பறந்து பிறர் உயிரோடு விளையாடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பதை மறுக்கமாட்டேன்.

அன்று ஒரு காரில் ஊதி பூட்டியிருந்தார்கள். புறப்படும்போது அதன் சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தம்பியின் கண்கள் அதைவிட்டு அகலவில்லை. நான்காவது சுற்றில் அந்தக் கார் ஓரமாக ஊர்ந்து வந்து நின்றது. மூடியைத் திறந்தார்கள், புகை.

சொந்தக்காரர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். "ஆறு மாசமா ஹைவேல ஓட்டுறேன், ஒண்ணும் ஆனதில்லே. இங்க நேர்பாதையில மிதிச்சுக்கிட்டே போனதுல பெட்ரோல் பத்தலே. பிஸ்டன் போயிருச்சு."

நெடுஞ்சாலையில் முழுதாக மிதிப்பது சில விநாடிதான். முன்னால் ஒரு லோரி வரும், காலை எடுத்துவிடுவோம். எஞ்சின் மூச்சு வாங்கிக்கொள்ளும். திடலில் அப்படி இல்லை. நேர்பாதை முழுக்க மிதி, வளைவில் பிரேக், மறுபடி மிதி. இருபது நிமிடம் ஓய்வே இல்லாமல் சூடு ஏறிக்கொண்டே போகும். தெருவில் தேறியது திடலில் தோற்பது இதனால்தான்.

நிற்பதற்கும் வழி வேண்டாமா?

இன்னொரு கணக்கு. கார் சுமந்து செல்லும் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 140-க்குப் போனால் வேகம் பாதிகூடக் கூடவில்லை. ஆற்றலோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரை நிறுத்த அவ்வளவையும் பிரேக் தன் மேல் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிரேக் எண்ணெயில் டாட் 4 என்ற வகை குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அது புதிதாக இருக்கும்போது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் ஏறியபின் விதி கேட்பதே 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி நெருங்கிக் கொடுக்கும், எண்ணெய் கொடுக்காது. ஆகவே மிதித்த கட்டை தரைவரை போகும், கார் நிற்காது. கூடுதல் விசை வைத்தவன் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பெரும்பாலான பிள்ளைகள் கடைசியாகப் பார்ப்பதும் இதையேதான்.

ஒரு தாளில் கணக்கு

சிப்பாங்கிலிருந்து திரும்பிய இரவு, தம்பியை என் வீட்டு மேசையில் உட்கார வைத்தேன். அவன் டவுனில் லோரிப் பட்டறையில் வேலை செய்பவன். விலையெல்லாம் அவனுக்கே தெரியும். "நீயே சொல், நான் எழுதுகிறேன்" என்றேன்.

பழைய ஊதி, பூட்டுக்கூலியோடு 8,000 வெள்ளி. பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், கணினி, அதைச் சரிசெய்யும் கூலி 4,000. இண்டர்கூலர் 1,500. வலுவான கிளட்ச் 1,500. பெரிய ரேடியேட்டரும் எண்ணெய்க் குளிர்விப்பானும் 1,800. பிரேக் 2,500. டயர் 1,600. கூட்டிப் பார்த்தால் 20,900 வெள்ளி. எஞ்சின் உடைந்தால் வேறு எஞ்சின் வாங்கும் காசு இதில் இல்லை.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், பள்ளிக்கூடத்துல இப்படிக் கணக்குக் கொடுத்திருந்தா நானும் பாஸ் பண்ணியிருப்பேன்" என்றான். சிரித்தோம். ஆனால் அவன் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. ஆசையைக் கணக்குப் போட்டுக் கொல்வது எளிது. அதுவும் பாவம்தான் என்று எனக்குப் பட்டது. ஆகவே தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் வேறொரு வரிசை எழுதினோம். உங்கள் பிள்ளைக்கும் உதவலாம் என்று அதை இங்கே தருகிறேன்.

முதலில், இருக்கும் எஞ்சின் ஆரோக்கியமா என்று ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும். நோயாளியின் தலையில் மூட்டை ஏற்றக் கூடாது. அடுத்து நல்ல பிரேக் கட்டை, புது பிரேக் எண்ணெய், நல்ல டயர். பிறகு ஓட்டக் கற்றுக்கொடுப்பவரைப் பக்கத்தில் வைத்து, சாதாரணக் காரிலேயே சில நாள் திடலில் பழக வேண்டும். ரேடியேட்டரும் எண்ணெய்க் குளிர்ச்சியும் அதற்குப் பிறகு. ஊதி கடைசி. அதுவும் குறைந்த அழுத்தத்தில், இண்டர்கூலரோடு, அளவு மேடையில் காரை ஓடவிட்டுப் பெட்ரோல் கலவையைச் சரிபார்த்த பிறகே திடலுக்குக் கொண்டு போக வேண்டும். காற்று, பெட்ரோல் அளவைக் காட்டும் மீட்டர் கண்ணெதிரே இருக்க வேண்டும். சூடு ஏறினால் காலை எடுத்து, ஒரு சுற்று மெதுவாக வந்து ஆறவிட வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள். எஞ்சினில் இப்படி மாற்றம் செய்து சாலையில் ஓட்டுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். நாம் வழக்கமாக எடுக்கும் கார் காப்புறுதி பந்தய ஓட்டத்துக்குச் செல்லாது. திடலில் நேரும் சேதத்துக்குக் காசு கிடைக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

அம்மாவுக்குச் சொன்னது

மாதம் முடிந்ததும் அந்த அம்மா வந்தார். கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்பதை நான் சொல்லவில்லை; தம்பியே சொன்னான். துருத்தியையும் அடுப்பையும் வைத்து, என்னைவிட அழகாக விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உன் ஆசை, தம்பி?" என்றார். ஒரு தாயின் கேள்வி அது! எனக்குத் தொண்டை அடைத்தது.

கூட்டுப் பணம் மகளின் படிப்புக்கே போனது. அவள் இப்போது தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். தம்பி தன் சம்பளத்தில் பிரேக்கையும் டயரையும் மாற்றினான். பயிற்சியாளரை வைத்து மூன்று முறை திடலுக்குப் போனான். ஊதி எதுவும் வைக்காத அதே காரில் ஒரு சுற்றுக்கு ஏழு விநாடி குறைத்துவிட்டான். தாளில் எழுதி வந்து காட்டினான். "காடி மெதுவா இல்லே சார், நான்தான் மெதுவா இருந்திருக்கேன்" என்றான்.

ஆசை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. இப்போது அவன் பெயரிலேயே ஒரு கூட்டில் சேர்ந்திருக்கிறான். அது விழும் மாதத்தில் ஊதி வாங்கினாலும் வாங்குவான். வாங்கட்டும், அது அவன் உழைத்த காசு, தாங்கும் காரைத் தயார் செய்துவிட்டுத்தான் வாங்குவான். அன்று திடலுக்கு என்னையும் அழைத்திருக்கிறான். அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒன்றைக் கேட்டு நின்றால், உடனே திட்டிவிடாதீர்கள், உடனே கொடுத்தும்விடாதீர்கள். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள்.